இரண்டணா நிலுவை

தேவகோட்டையில் ஒரு வீட்டைப்
பதினொரு பங்காக உடைக்க
என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தணிக்கை என் தொழில்.
இரும்புப் பெட்டியின் அடியில்
செல்லரித்த பேரேடுகள்.
அவற்றில் ஒரு கப்பல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

விபவ வருஷம், நாகப்பட்டினத்து ஏலம்.
இரட்டைப் பாய்மரம், தேக்கு உடம்பு.
துரைமார் பத்திரத்தில் ஸ்கூனர், ஏட்டில் சுலுப்பு.
எலனோர் என்ற பெயரைச் சுரண்டி
சவுந்தரநாயகி என்றெழுத
வர்ணம், கூலி உள்பட, ஒன்றே முக்கால் ரூபாய்.
ஆனாலும் மாலுமிகளுக்கு அது எலனார்தான்.
யாரோ வீட்டு மாமியாரைச் சொல்வதுபோல
ரசீதுக்கு ரசீது மரியாதை.

பதினாறு பங்கு. அதில் ஒன்று பிள்ளையாருக்கு.
முதலாளி வயி. சோலையப்பன்
அதில் கால் வைத்ததாக ஒரு வரியும் இல்லை.
கடல், ஒரு ராத்திரி மாட்டுவண்டி தூரம்.
அவருக்கு அது காகிதத்திலேயே மிதந்தது:
காலிக் கொட்டைப்பாக்கு, அக்கியாப் அரிசி,
நங்கூரக் கயிறு அறுந்த வகை,
எலிக்காகப் பூனை வாங்கின வகை முக்காலணா.

தாது வருஷம் வந்ததும்
எழுத்து பொடிந்து நெருங்குகிறது.
ஊர் செத்துக்கொண்டிருக்க எலனார் ஏழு நடை.
லாபத்துக்கு ஒரு முழுப் பக்கம்.
அடியில், தொண்டிக் கரையில் சிந்தின அரிசியைப்
பெருக்க வந்தவர்களை விரட்ட
ஆள் கூலி, நாளொன்றுக்கு இரண்டணா.

தாரண வருஷம் கார்த்திகை, வியாழன் ராத்திரி
கோடியக்கரைக்குத் தெற்கே முழுகியது.
தண்டல் நூகுத்தம்பி, கூட எட்டுப் பேர்.
தண்ணீர்ப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு
கரையேறியது சமையல் பையன் மட்டும்.
பிள்ளையார் பேரிலும் நட்டம் எழுதியிருக்கிறது,
தள்ளுபடி இல்லாமல்.

சம்பளம், கப்பல் முழுகின நாள் வரை. அது வழக்கம்.
அசனா லெவ்வையின் பெண்சாதி சுலைகா
வண்டி பிடித்து வந்திருக்கிறாள்.
கணக்கப்பிள்ளை ஆவுடைநாயகம்
முதல் தடவையாக ஏட்டில் பேச்சை எழுதுகிறார்:
“மகரிபோடே எங்களுக்கு நாள் பிறந்தாச்சு,
அது வெள்ளி இரவு,
வெள்ளிக்கும் சேர்த்துத் தரணும் என்கிறாள்.
நமக்குச் சூரியோதயம் தொட்டுத்தான் நாள்.
முதலாளி உத்தரவு: பாதி.”

நாற்பத்தொரு நாள் சம்பளத்தை எண்ணி வாங்கியவள்
அரை நாளை, அந்த இரண்டணாவை,
கணக்குப் பெட்டி மேலேயே விட்டுப் போயிருக்கிறாள்.

நிலுவை: சுலைகா, தொண்டி, இரண்டணா.
அடுத்த ஏட்டின் முதல் பக்கத்திலும் அதே.
அதற்கடுத்ததிலும்.
ஆவுடைநாயகத்தின் கை நின்று வேறு கை வருகிறது.
ரங்கூன் வருகிறது, ரங்கூன் போகிறது.
அணா ஒழிந்த வருஷம் யாரோ கவனமாகப்
பன்னிரண்டு நயாபைசா என்று மாற்றியிருக்கிறார்,
அரைப் பைசாவை மட்டும் விழுங்கிவிட்டு.

பதினொரு பேரும் காத்திருக்கிறார்கள்.
கொடுக்க வேண்டியவை என்ற தலைப்பின் கீழ்
வங்கி, நகராட்சி, மின்வாரியம்,
பிறகு சுலைகா, தொண்டி.
“யார் இந்தம்மா?” என்கிறார் ஒருவர்.
பேனா வட்டிக் கட்டத்தில் நிற்கிறது.
எந்த நாளிலிருந்து போடுவது,
வியாழனா, வெள்ளியா?