வைக்கோல் நிறம்

பழைய பேருந்தின் வில்பட்டை.
மூன்று வாரம் அரம் தின்றது போக
மிச்சம் ஒரு சாண்.

எண்ணெயில் தோய்த்தெடுத்து
ரொட்டி அடுப்பில் வைத்தேன், இருநூறு டிகிரி.
கண்ணாடிக் கதவின் முன் மண்டியிட்டேன்:
வைக்கோல் நிறம் வரவேண்டும்,
நீலம் வந்தால் போச்சு.
பின்னால் டைஸ்டோ மாவுத்தட்டோடு.
"எவ்வளவு நேரம், ரைலி?"
"பதம் வரும்வரை."

சுவரில் ஏற்கெனவே முப்பத்தொன்று.
ஒன்றுகூட மீனைக் கண்டதில்லை.
கதவோரம் பை: தீக்கல், கயிறு, விசில்,
பனிக்காட்டில் ஏழு நாள் பிழைக்க எல்லாம்.
குசாமோவில் பேருந்து பத்து நிமிடம் தாமதித்தாலே
டாக்சி பிடிப்பவள் நான்.

மறு ஞாயிறு
பிர்ச் கட்டையில் பிடி பொருத்தி
கட்டைவிரலால் கூர் பார்த்தேன்.
அது என்னைப் பார்த்துவிட்டது.

சொட்டச் சொட்டப் பையைக் கவிழ்த்தேன்.
தூண்டில் முள், மெழுகு, திசைகாட்டி,
இன்னொரு திசைகாட்டி.
பிளாஸ்டர் இல்லை.

டைஸ்டோ மாவுக்கையோடு வந்தான்.
அடுக்களைத் துணியை அறுக்க
அந்த முப்பத்திரண்டாவதைத்தான் எடுத்தான்.
"நல்லா வெட்டுது."

ரொட்டியில் போன வாரம்போலவே எண்ணெய் வாசம்.
இரண்டு பேரும்
இரண்டாம் துண்டு கேட்டோம்.