பழைய கர்னல்

ஆரல்வாய்மொழி. இரவு ஒன்றே முக்கால்.
வெளியே இருபத்திரண்டு காற்றாலைகளும்
யாரையும் கேட்காமல் சுற்றுகின்றன.
உள்ளே,
அவற்றுக்குக் கணக்கு வைக்கும் பெட்டி மட்டும்
கறுப்புத் திரையில்
கடைசி வரியோடு நிற்கிறது.
கர்னல் பேனிக். ரூட் கிடைக்கவில்லை.

தோவாளை தாண்டியதுமே
ஸ்கூட்டியை ஓரத்துக்குத் தள்ளிய காற்று
இன்னும் என் காதுக்குள் இருக்கிறது.

"என்ன பிள்ளே, மெஷினு படுத்துட்டா?"
மங்கி குல்லாவோடு எட்டிப் பார்க்கிறார்
வாட்ச்மேன் ஞானசிகாமணி.
கர்னல் மிரண்டுபோச்சு, என்றேன்.
"எந்த ரெஜிமெண்டு?"

பதினேழு வருடம் பட்டாளத்தில் கிடந்தவருக்கு
இது வேறு கர்னல் என்று விளக்க
அந்நேரம் தெம்பில்லை.
புதுசா வந்தவர், என்றேன்.
சாயங்காலம்தான் சார்ஜ் எடுத்தார்.
ஆயுதக் கிடங்குச் சாவி
கைக்கு வரவில்லை.
"அப்போ பழையவரு?"

அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன்.

அணைத்து மறுபடி எழுப்பினேன்.
ஷிப்டை அழுத்தும் விரல் ஒரு நொடி பிந்தினால்
மெனு வராது.
பிந்தியது.
மீண்டும் அதே கறுப்பு, அதே வரி.
இரண்டாம் முறை
அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பட்டியல்.
மேலே புதியவர். அவருக்குக் கீழே ஆறு பேர்,
அப்டேட்டுக்கு ஒருவராக வந்து
போகாமல் தங்கிவிட்டவர்கள்.
இரண்டாம் பெயரில் என்டர் தட்டினேன்.
எழுத்துகள் சரசரவென்று இறங்கி
பாஸ்வேர்டு கேட்டு நின்றன.
அந்த அற்பக் கேள்வியின் மேல்
எனக்கு அப்படியொரு பிரியம்.

உள்ளே போய்ப் பார்த்தால்
பூட் பார்ட்டிஷன் நூறு சதவீதம்.
புதியவரின் மூட்டை பாதியில் நிற்கிறது,
கட்ட இடமில்லாமல்.
எச்சரிக்கை வந்திருக்கும்.
வடசேரி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில்
நான்தான் வாசிக்காமல் மூடியிருப்பேன்,
நடுராத்திரி நீயே எழுந்துகொள் என்று
அதனிடம் சொல்லிவிட்டு.

இடத்தை அடைத்தவர்கள் பழையவர்கள்.
என்னைக் கரையேற்றியதும் அவர்களில் ஒருவர்.
யாரை ஏச?

நால்வரை அழித்தேன்.
ஒவ்வொருவருக்கும் ஒருமுறை
நிச்சயமா என்று கேட்டது.
மூன்று முறை டக்கென்று ஆமாம்.
நான்காவதற்குக் கொஞ்சம் யோசித்தேன்,
ஏனென்று தெரியாது.
இருவரை விட்டுவைத்தேன்.

மூட்டையை முழுசாகக் கட்டி, மெனுவைத் திருத்தி எழுதி
ரீஸ்டார்ட்.
பன்னிரண்டு நொடி.
ஞானசிகாமணி விறைப்பாக நின்றார்,
சல்யூட் வைக்கப் போகிறவர்போல.

வந்தது. இருபத்திரண்டும் பச்சை.
நள்ளிரவிலிருந்து இரண்டு நாற்பது வரை மட்டும்
வரைபடத்தில் ஒரு பொக்கை.
காலையில் பெனட் சார் கேட்பார்:
அப்போ காத்தே அடிக்கலியா?
அடித்தது சார்.
ஸ்கூட்டியிடம் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்டு இறங்கும்போது
கேட் ரிஜிஸ்டரில் பார்த்தேன்,
அவர் எழுதிய வரி, மசி காயாமல்:
"இரவு 2.40. புது கர்னல் பொறுப்பேற்றார்.
பழையவர் இருவர் முகாமிலேயே உள்ளனர்.
வேறு விசேஷம் இல்லை."