நேர்காணல்

உசிலம்பட்டிக் கருவூலத்தில் மூன்றாவது மேசை என்னுடையது.
உயிரோடு இருக்கிறோம் என்று
வருஷத்துக்கு ஒரு தரம்
ஆட்கள் நேரில் வந்து காட்ட வேண்டிய மேசை.

உலகப் போர்ப் பதிவேட்டில்
நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாற்பத்தொரு பெயர்.
பிறகு சிவப்பு மையில் கோடு,
கோட்டுக்கு மேல் தேதி.
ஒரு கோடையில் மட்டும் ஆறு.
கடைசி நான்கு வருஷமும் ஒற்றை ஆள்:
பாப்பாபட்டி பெருங்காமன்,
கோவேறு கழுதைப் படை, பர்மா.

டவுன் பஸ்ஸில்தான் வருவார்.
விரல் வைக்கும் கருவி
அவரை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.
பத்து விரலும் வைத்துப் பார்ப்போம்,
எச்சில் தொட்டும், துணியில் துடைத்தும்.
"ரேகையா தாயி,
அது சிந்துவின் ஆத்துல கயித்தோட போச்சு."
அதற்கு மேல் கேட்டால்
கழுதைகளைப் பற்றிப் பேசுவார்.
சுமையோடு வெள்ளத்தில் இறங்க மறுத்த ஒன்று.
கத்தக் கூடாதென்று தொண்டை நரம்பை அறுத்துவிட்ட இன்னொன்று,
அது வாயைத் திறந்து திறந்து
மூடியது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில்
குரலைத் தாழ்த்திக் கேட்பார்:
"கருமாத்தூர் மொக்கையன் வந்துட்டுப் போயிட்டானா?"

முதல் வருஷம் உண்மையிலேயே தேடினேன்.
பதிவேடு, பழைய பதிவேடு, பரணில் கிடந்த கட்டு.
எதிலும் இல்லை.
வாங்காத பணத்துக்கு ஏது கணக்கு.
இரண்டாம் வருஷம்
"இன்னும் வரலைங்கய்யா" என்றேன்.
தலையாட்டினார்,
பஸ்ஸைத் தவறவிட்ட பங்காளிக்காக ஆட்டுவது போல.

கயிற்றின் மறுமுனையில் நின்றது யாரென்று
நான் கேட்கவில்லை.
கயிறு கையை விட்டதா
கை கயிற்றை விட்டதா என்றும்.
உள்ளங்கையின் குறுக்கே ஓடிய தழும்பைப்
பார்த்ததோடு சரி.

இந்த வைகாசியில் பேரன் மட்டும் வந்தான்,
இறப்புச் சான்றிதழும்
ஒற்றைப் பித்தளைப் பொத்தானுமாக.
"இதை ஆபீசுல ஒப்படைக்கணுமா மேடம்?"
வேண்டாம், வச்சுக்க, என்றேன்.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.
சில்லறையோடு அது உரசும் சத்தம்
வாசல்வரை கேட்டது.

கணினியில் அந்தத் தலைப்பு இன்னும் இருக்கிறது.
நேரில் வந்தோர்: பூஜ்யம்.
வராதோர்: பூஜ்யம்.
வராதோர் கட்டத்தில்
ஒன்று என்று அடித்துப் பார்த்தேன்.
பெயர் கேட்டது.
ஊர் கேட்டது.
படை எண் கேட்டபோது நின்றுவிட்டேன்.

வெளியே வேம்படியில் கூட்டம்,
ஓய்வுபெற்ற வாத்தியார்கள், போலீஸ்காரர்கள்,
டிபன் டப்பாவோடு ஒரு சத்துணவுக் கூடத்து அம்மா.
போன வாரம் வேலைக்கு வந்த சஞ்சீவி
"அடுத்து யாரக் கூப்பிடட்டும்?" என்றான்.

சொன்னேன்.

படியில் நின்று
கோர்ட்டில் கூப்பிடுவது போல்
மூன்று முறை கூப்பிட்டான்,
ஊரையும் சேர்த்து.
வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது,
யார் எழுந்திருப்பது என்று.