ஆறு துளை, ஏழு கால்

விசிறி அரைச்சுற்று சுற்றி நிற்கிறது.
மறுபடி அமுக்குகிறேன்.
மறுபடி அரைச்சுற்று.
தும்மல் வரப் பார்த்து வராமல்போன முகம் மாதிரி
திரை.

புளியரையில் இப்போது மழை இல்லை, சாரலும் இல்லை.
இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று
கணவாய் வழியாக வந்து
கடைத் தகரத்தில் உட்கார்ந்திருக்கிறது.
நாளைக்குக் கார்த்திகை ஒன்று.
இன்றைக்கே எஸ் வளைவு மட்டும் நிற்கின்றன வேன்கள்,
முகப்பில் குருத்தோலை கட்டி.
‘கேரளா பெர்மிட் உடனே எடுத்துத் தரப்படும்’
பெயின்டில் எழுதியவள் நான்தான்.
‘உடனே’ மட்டும் சிவப்பில்.

பழைய கம்ப்யூட்டரை ஐப்பசி இடி தின்றுவிட்டது.
புதிதுக்கு முப்பதாயிரம் கேட்டார்கள்.
உதிரி உதிரியாக வாங்கினேன்.
போர்டு தென்காசியில்.
மெமரி, கொழுந்தன் தன்னுடையதில் கழற்றித் தந்தது
(இதுவரை மூன்று தரம் சொல்லிக் காட்டிவிட்டான்).
பெட்டி, புனலூர் ஜோபிக்குட்டியின் ஆக்ரிக்கடையில்
நானூறு ரூபாய்,
பக்கவாட்டில் உரிபடாத மாதா படத்தோடு.
அடுப்படி மேடையில் வைத்துப் பூட்டினேன்,
திருகாணிகளை அளவு பிரித்து
இட்லித்தட்டுக் குழிகளில் இட்டு.

“யக்கா, ஆகுமா, ஆகாதா?”
விருதுநகர் வேன்காரர். நெற்றிச் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது.
“ஆகும் சாமி.”
மாலை போட்டவரிடம் பொய் சொல்லக் கூடாது.
சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

மெமரியை உருவி, மகளின் ரப்பரால்
அதன் தங்கப்பற்களைத் தேய்த்தேன்.
அரைச்சுற்று.
டிஸ்கைப் பிடுங்கினேன்.
அரைச்சுற்று.
வைத்தியம் இல்லை இது,
பட்டினி போட்டுப் பார்ப்பது.
பட்டன் செல்லைப் பெயர்த்து நூறு எண்ணினேன்.
எழுபதில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
எண்பதிலிருந்து தொடர்ந்தேன்.

சசாங்கன் சேட்டன் வந்தார்,
வெற்றுக் கூண்டுகளோடு கோழிவண்டியை ஓரம்கட்டி.
“கூட்டின்னு புறத்தெடுத்து நோக்கு, சேச்சி.
உள்ளே செத்தபோலே கிடக்கும்.
வெளியே விட்டால் எழுந்து நடக்கும்.”
கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது.
கோழி தெரியும்.

போர்டைத் தூக்கி அப்பள அட்டைப்பெட்டி மேல் கிடத்தினேன்.
பட்டன் இல்லை. இரண்டு ஊசிகளைத்
திருப்புளி முனையால் தொட வேண்டும்.
தொட்டேன்.
விசிறி முழுசாகச் சுற்றியது.
பட்டாணி அளவு பஸ்ஸர்
ஒரே ஒரு தரம் ‘க்கூ’ என்றது.
எதிர்க்கடை டீ மாஸ்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அப்படியே ஓட்டினேன்.
அட்டை மேல், வயிற்றைத் திறந்து போட்ட நிலையில்,
தகரம் சொட்டுகிற இடத்துக்கு நேரே குடை பிடித்து,
“யாரும் கிட்ட வந்து தும்மாதீங்க சாமி” என்று அதட்டி
இருபத்தேழு வண்டி.
விருதுநகர்க்காரர் ஐந்தாவதாகப் போனார்.
பாக்கிச் சில்லறை கேட்கவில்லை.

இரண்டரைக்குக் கொஞ்சம் ஓய்ந்தது.
போர்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.
அரைச்சுற்று.

அழுகைதான் வந்தது, வரட்டும் என்று விட்டேன்.
பிறகு போர்டை எடுத்து, டார்ச் அடித்து
பெட்டியின் அடித்தகட்டை விரலால் தடவினேன்.
போர்டில் ஆறு துளை.
பெட்டியில் ஏழு கால்.
ஏழாவது, பித்தளை, மிளகை விடக் கொஞ்சம் உயரம்.
புனலூரில் யாருடைய போர்டையோ தாங்கியது.
அந்த போர்டு போய்விட்டது. இது போகவில்லை.
என் போர்டின் முதுகில்
எல்லாத் தடமும் கடக்கிற இடத்தில் முட்டிக்கொண்டு
சும்மா நிற்கிறது.
மறிக்கச் சொல்லி யாரும் அதை நிறுத்தவில்லை.

குறடு போட்டுத் திருகி
சில்லறைக் கிண்ணத்தில் எறிந்தேன்.

விடிகாலையில் ராஜபாளையத்து ஆள் ஒருவர்
மீதியை எண்ணிப் பார்த்து
“இது எந்த ஊர்க் காசும்மா?” என்றார்.
“புனலூர்.”
“அங்க செல்லுமா?”
கேட்டுக்கொண்டே பையில் போட்டுக்கொண்டார்.

பெட்டி இப்போது ஓடுகிறது.
மூடியை மட்டும் இன்னும் மாட்டவில்லை.
மாதா சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறாள்.