ஒரு விரல் சிவப்பு

ரிபதேயோ துறைமுகத்துப் பட்டறையில்
ஆறு தூண்கள் இருபுறமும் முட்டுக்கொடுக்க
தரையில் நிற்கிறது அந்துரிஞா.
ஐம்பத்தோரு வயது. ஒன்பதரை மீட்டர்.
தண்ணீரில் பார்த்தால் சின்னது.
ஏணி வைத்து ஏறும்போது வீடு.

மரச்சுத்தியலால் அடிவயிற்றைத் தட்டிக்கொண்டே போகிறேன்.
டக். டக். டக்.
ஓரிடத்தில் மட்டும் தொண்டை கட்டிய குரல்.
சாக்பீஸால் வட்டம் போடுகிறேன்.
உள்ளேயிருந்து பிரெய்ஷோ கேட்கிறான், எத்தனை?
நாலு என்கிறேன்.
ஏழு.

என் தம்பி பேருந்து ஓட்டுபவன்.
நாற்பத்தைந்து நாள் விடுப்பை
மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்தான்.
மதேய்ராவுக்கு ஒன்பது நாள், அங்கே மூன்று நாள்,
மார்த்தினிக் வரை இருபத்தெட்டு,
விமானத்தில் திரும்பி
திங்கள் காலை ஆறு பத்துக்கு முதல் ட்ரிப்.
கடலுக்கும் அவனிடம் அட்டவணை இருந்தது.

ஒரு வீட்டைக் கடலுக்குள் கொண்டுபோவதென்றால்
முதலில் அதன் ஓட்டைகளை எண்ண வேண்டும்.
பதினொன்று.
இரண்டு வால்வுகள் திருகியதும் கையோடு வந்தன;
பித்தளை என்று பெயர், பிஸ்கட் போல உதிர்ந்தது.
ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும்
அதை அடைக்கும் மரக்கட்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டோம்.
பார்க்க ஏதோ வேண்டுதல் போலிருந்தது.

இருவருக்கான சோறும் நீரும் ஏறினால்
படகு தாழும் என்று
சிவப்புப் பெயின்ட்டை இரண்டு விரல் உயர்த்தி அடித்தோம்.
கிரேன் இறக்கியது.
கேன் கேனாகத் தண்ணீர், பெட்டி பெட்டியாக டப்பாக்கள்;
ஈரத்தில் தாள் ஊறிப்போகும் என்று உரித்துவிட்டு
மூடியில் மையால் எழுதினோம்:
தக்காளி, கடலை, மத்தி, மத்தி, மத்தி.

மத்தியை அடுக்கும்போதுதான் பார்த்தேன்.
பாய்மரக் கம்பியைப் பிடித்திருக்கும் பட்டைக்குக் கீழே
தேநீர் வழிந்தது போல ஒரு கோடு.
எங்களுக்கு முன்னால் யாரோ அதன்மேல் வெள்ளையடித்திருக்கிறார்கள்.
வெள்ளையையும் மீறி வந்திருந்தது.
சின்னக் கறைதான்.
கரையில் நிறுத்த அது போதும்.

துருவே பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்ற பட்டை.
கழற்றினோம். நடுவில் மயிரிழை.
பிரெய்ஷோ அதில் நகத்தை வைத்தான்.
நகம் உள்ளே போனது.

மீன்படகுகளுக்கு வெல்டிங் செய்யும் தெல்மிரோ சொன்னார்:
எட்டையும் மாற்றுங்கள்.
ஒன்று உடைந்த பிறகு
மற்ற ஏழும் சாட்சி சொல்ல வராது.
இருபத்திரண்டு நாள் ஆகும்.

தம்பி விரல்விட்டு எண்ணவில்லை.
எனக்கு விடுப்பு என்று ஒன்று இல்லை,
மருந்துக்கடையை விற்றாயிற்று. நான் காத்திருக்கலாம்.
அவனால் முடியாது.
இதை நாங்கள் பேசவே இல்லை. அதற்குப் பதிலாக
ஒரு ஸ்க்ரூடிரைவருக்காக அரைநாள் சண்டை போட்டோம்.

மீதி விடுப்பில்
படகை ஒரு ஆளுக்கு ஏற்றபடி சுருக்கினான்.
கயிறுகளையெல்லாம் சுக்கான் பக்கத்துக்கே இழுத்து வந்தான்.
மருந்துப் பெட்டியின் தாழை
ஒற்றைக் கையால் திறக்கும்படி மாற்றினான்.
எந்தக் கை என்று கேட்கவில்லை.
இரண்டு பக்கமும் தாழ் வைத்தான்.

கடைசி மாலை தன் பங்கை இறக்கினான்:
நூற்றுப்பத்து டப்பா, பூட்ஸ், மழைச்சட்டை,
நாலு கேன் தண்ணீர்.
ஒரு கேனைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தான்.
பிறகு அவனும் இறங்கினான்.

அந்துரிஞா கொஞ்சம் எழும்பியது.
இருவருக்கென்று அடித்த கோட்டில்
ஒரு விரல் சிவப்பு, நனையாமல்.
"கோடு தப்பாகிவிட்டது" என்றான் படித்துறையிலிருந்து.
"இருக்கட்டும்" என்றேன்.

காலையில் ஓதம் இறங்க ஆரம்பித்ததும் கயிற்றை அவிழ்த்தேன்.
ஆறு இருபது இருக்கும்.
முகத்துவாரத்துப் பாலத்தை நான் நெருங்கும்போது
மேலே, நிறுத்தம் இல்லாத இடத்தில்,
ஒரு பேருந்து வேகம் குறைத்தது.