அரை இஞ்ச் வால்வு

கப்பலூர் சிட்கோவுக்குள் நான் நுழைந்தபோது
மணி நாலே முக்கால், தை மாதப் பனி.
இழப்பைப் பார்க்க வேண்டுமென்றால்
முதலாளி தூங்கும் நேரத்தில் போக வேண்டும்.

புகைக்கூண்டின் கழுத்தில் கம்பியைச் செருகினேன்.
இருநூற்று முப்பத்தாறு டிகிரி.
கமுதிப் பக்கம் வெட்டி
லாரியேறி வந்த சீமைக் கருவேலம்
எரிந்து, முக்கால் வேலை பார்த்து,
மிச்சத்தை மேகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.
மேகம் கேட்கவேயில்லை.

"அடுப்புன்னா புகை போகத்தானே மேடம் செய்யும்"
என்றார் பாய்லர் மாயழகு.
போகட்டும்.
எவ்வளவு போகிறது என்பதுதான் என் பிழைப்பு.

பின்சுவரில் ஒரு குழாய்.
சாய மிஷின்களின் சுருள்களில்
இரவெல்லாம் ஓடிக் களைத்த நீராவி
தண்ணீராகி, தொண்ணூறு டிகிரியில்
வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது.
வெள்ளையாய் எழும்பிய ஆவிக்குள்
பெண்களின் பேச்சுச் சத்தம்.
குழாய்க்குக் குறிவைத்த என் கருவியின் சிவப்புப் புள்ளி
தவறி ஒரு முழங்கையில் விழுந்தது.
முப்பத்து நாலு.

"காய்ச்சல் இருக்கா, பாத்துச் சொல்லும்மா"
என்று சிரித்தாள் ஒச்சம்மா.

எட்டுப் பேர். ஷிப்டு முடிந்து
கைகளில் ஏறிய நீலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்,
பச்சைத் தண்ணீர் கலந்து, மண்டியிட்டு.
"இந்த ஊரு போர்த் தண்ணியில சோப்பு நுரைக்காது.
தலைமுடி தேங்கா நாரா நிக்கும்.
இது ஒண்ணுதான் மழைத்தண்ணி கணக்கா இருக்கு."

சரிதான். ஒருமுறை ஆவியாகி வந்த நீரில்
உப்பு இருக்காது.
பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.
நுரைத்துப் பார்த்ததில்லை.

நோட்டில் எழுதினேன்:
நாளொன்றுக்கு முப்பதாயிரம் லிட்டர், வீண்.

முதலாளி துளசிராம் கால்குலேட்டரை மூன்று தடவை தட்டினார்.
புகை போகும் வழியில் ஒரு குழாய்க் கூட்டம்,
வெந்நீரைத் திரும்பக் கூட்டிவர ஒரு பம்ப்.
தினம் ஒன்றேகால் டன் விறகு மிச்சம்.
போட்ட காசு பதினோரு மாதத்தில் கைக்கு வரும்.
"இத்தனை வருசமா ஆகாசத்துக்கா சம்பளம் கொடுத்தேன்?"
என்றார், கொஞ்சம் கோபமாக,
ஏதோ நான்தான் வாங்கித் தின்ற மாதிரி.

அடுத்த கார்த்திகையில் சரிபார்க்கப் போனேன்.
புகை நூற்று நாற்பத்தெட்டு.
பாய்லருக்குப் போகும் தண்ணீர் அறுபத்தாறு,
முன்பு முப்பத்தொன்று.
விறகுக் குவியல் என் தோளுக்கு இறங்கியிருந்தது.
மனசுக்குள் ஒரு சின்ன விசில்.

பின்சுவருக்குப் போனேன்.
வாய்க்கால் காய்ந்து கிடந்தது.
சோப்பு வைத்த கல்லின் மேல்
ஓர் ஓணான்.

முப்பதாயிரம் லிட்டர் என்று எழுதிய கை என்னுடையது.
"வீண்" என்று எழுதியதும் அதேதான்.

திரும்பும் குழாயைத் தொட்டபடி நடந்தேன்.
கண்ணாடிப் பஞ்சு சுற்றி, மேலே அலுமினியத் தகடு;
சுத்தமான வேலை.
கரித்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் மட்டும்
உறை சாண் அகலம் வெட்டியிருந்தது.
அங்கே என் வரைபடத்தில் இல்லாத
ஓர் அரை இஞ்ச் வால்வு.
மறைப்புக்கு இரண்டு தகரம்,
கீழே கவிழ்த்த பெயிண்ட் வாளி.
தகரத்தில் உலர்ந்துகொண்டிருந்தன
நீலம் வெளிறிய எட்டுத் துண்டுகள்.

மாயழகைப் பார்த்தேன்.
அவர் பிரஷர் மீட்டரைப்
பிறந்ததிலிருந்து பார்க்காதவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை லிட்டர் என்று கேட்டேன்.
"நானூறு இருக்கும் மேடம். காலைல மட்டும்."
நூற்றுக்கு ஒன்று, கொஞ்சம் மேலே.

வால்வைத் திறக்கப் போய்ச் சட்டென்று கையை உதறினேன்.
கைப்பிடி இரும்பு. அது என்ன செய்யும்,
சுடத்தான் செய்யும்.
பழந்துணி ஒன்றைச் சுற்றித்தான்
திறந்திருக்கிறார்கள் இத்தனை நாளும்.

அறிக்கையின் கடைசிப் பக்கம், பரிந்துரை எண் ஏழு:
மூட்டைகளுக்குப் பின்னுள்ள வால்வுக்கு
மரக் கைப்பிடி பொருத்தவும்.