இரண்டு மீட்டர் பதினான்கு

நேற்று ஜெயித்தோம்.
எண்பத்தொன்று, எழுபத்தொன்பது.
நான் ஆடவில்லை.

கணுக்கால் ஆறிப் பத்து நாளாகிறது.
மருத்துவர் கையெழுத்துப் போட்ட தாள்
பயிற்சியாளர் விலியுஸின் மேசையில்
காப்பிக் கோப்பைக்கு அடியில்
வட்டக் கறையோடு கிடக்கிறது.
அவர்தான் என்ன செய்வார்.
நான் விழுந்த நாளிலிருந்து
ஏழு ஆட்டத்தில் ஆறு நமக்கு.

பனவேஜிஸில் டிசம்பர் என்றால்
நான்கு மணிக்கே இருட்டு.
பனியை உதறிக்கொண்டு அரங்கத்துக்குள் வருகிறவர்கள்
கம்பளிக் குல்லாயைக் கழற்றும் முன்பே
என்னை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள்.
இப்போது நேராகப் பார்க்கிறார்கள்.
ஐவரில் நெட்டையன் ஐமாந்தஸ்,
ஒரு மீட்டர் தொண்ணூற்றைந்து.
வேறு ஊரில் அவனும் பனைமரம்தான்.
இங்கே குட்டையன்.

எதிரே கிளைப்பேடா அணியின் சென்டர்,
லாத்வியாக்காரன் உல்திஸ்.
என்னைவிட நான்கு விரல் உயரம்.

நம்மவர்கள் ஐந்து பேரும்
மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்கள்.
வளையத்தடியில் ஒருவரும் இல்லை.
காலி வீட்டுக்குக் காவல் இருப்பதா,
கள்வனைத் துரத்தித் தெருவுக்கு வருவதா
என்று உல்திஸ்
பாதி வழியில் நின்றான்.

அந்தப் பாதி வழியை எனக்குத் தெரியும்.
கடைசி மூன்று பருவமும்
நான் குடியிருந்தது அங்கேதான்.

பந்து அவனைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று.
மூலை, மேலே, மறு மூலை,
அப்புறம் வலை மட்டும் அசைந்தது.
இடைவேளையில் பதினான்கு புள்ளி முன்னிலை.

இடைவேளையில் சிறுவர் ஆட்டம்.
யாரோ எறிந்த பந்து
வளையத்துக்கும் பலகைக்கும் நடுவே சிக்கிக்கொள்ள
பத்துப் பிள்ளைகள் பெஞ்சுக்கு ஓடி வந்தார்கள்,
வேறு யாரையும் பார்க்காமல், என்னிடம்.
போய் எக்கிக்கூட நிற்காமல்
இரண்டு விரலால் தட்டிவிட்டேன்.
பெரிய கைதட்டல்.
நேற்று பந்து என் மேல் பட்டது அந்த ஒரு முறை.

உயரம் என்பது வட்டிக்கு விட்ட பணம்.
மூன்றாம் கால்பகுதியில் கேட்டு வந்தது.
நம்மவர்களின் கால்கள் கனத்தன,
எறிந்ததெல்லாம் இரும்பில் பட்டது.
தவறிய ஒவ்வொரு பந்தையும் உல்திஸ்
அலமாரி மேலிருந்து தகரப்பெட்டி எடுப்பதுபோல
அவசரமில்லாமல் எடுத்தான்.
அவன் முழங்கை ஐமாந்தஸின் விலாவில் இறங்கியது
எனக்கே கேட்டது.

சொல்லிவிடுகிறேன்.
பதினான்கு ஒன்பதானபோது,
ஒன்பது நான்கானபோது,
எனக்குள் சின்னதாக ஓர் அடுப்பு பற்றியது.
மேலங்கியின் பொத்தான்களுக்கு விரல் தானாகப் போயிற்று.
இரண்டு பொத்தான் கழற்றியும்விட்டேன்.

விலியுஸ் பெஞ்சு நெடுகப் பார்த்தார்.
வேலியைத் தாண்டும் ஆடுபோல
அவர் பார்வை என்னைத் தாண்டிப் போய்
"நொஜூஸ்" என்றது.
நொஜூஸ். ஒரு மீட்டர் எழுபத்தெட்டு.
இன்னும் சிறியதாக்கினார் அணியை.
பைத்தியமா என்று எனக்குப் பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.
நான்தானோ என்னவோ.

கடைசி ஆறு விநாடி. இரண்டு புள்ளி வித்தியாசம். பந்து அவர்களுடையது.
உயரமாக எறிந்தார்கள்,
உல்திஸுக்கு மட்டும் எட்டும் உயரத்தில்.
பிடித்தான்.
பிடித்தவன்,
திரும்பித் தாவுவதற்காகப் பந்தை மார்புக்குக் கொண்டுவந்தான்.

எங்கள் ஜாதிக்கு இருக்கிற ஒரே விதி அது:
மேலே பிடித்ததைத் தாழ்த்தக் கூடாது.
கீழே உள்ள காற்று நம்முடையது இல்லை.

"தாழ்த்தாதே!" என்று எழுந்து கத்தினேன்.
யாருக்காகக் கத்தினேன் என்று
ராத்திரி முழுக்க யோசித்தும் தெரியவில்லை.

அந்தக் கீழ்க்காற்றில்தான் நொஜூஸ் இருந்தான்.
ஒரு தட்டு.

அதற்குள் என் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல்,
பள்ளி நாளிலிருந்து கேட்கிற அதே வாக்கியம்:
"உட்காருங்க, மறைக்குது!"

உட்கார மனமில்லை.
முழங்காலை மடக்கி
பாதி உயரத்தில் நின்று பார்த்தேன்.
பந்து தரையில் உருண்டுகொண்டிருந்தது,
அதன்மேல் நான்கைந்து குட்டை ஆட்கள்.